பேரேட்டில் ஏறாத பிரேக்டவுன்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, இயந்திரம் ஏன் நின்றது, அடுத்து எப்போது நிற்கக்கூடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதும் ஒரு உத்தியோகம்தான், அதற்கு ரிலையபிலிட்டி இன்ஜினியர் என்று பெயர், அதற்கென்று தேர்வும் சான்றிதழும் இருக்கின்றன என்று போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு மட்டும் ஒரு மஞ்சள்பை நிறையக் கடிதம் வந்திருக்கிறது. காரைக்குடியைச் சுற்றி இத்தனை பேர் மில்லிலும் ஆலையிலும் வளைகுடா ரிஃபைனரியிலும் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

தேவகோட்டை வாசகர்: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒன்பது வருஷமாக ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஏஎஸ்க்யூ நடத்தும் சிஆர்இ தேர்வை எழுத எனக்குத் தகுதி உண்டா? டிகிரி இல்லாதவனைச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள் தம்பி. பலருக்கும் இந்தச் சந்தேகம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஎஸ்க்யூ என்பது அமெரிக்கத் தரக் கழகம். 1946-ல் தொடங்கியது, தலைமையகம் மில்வாக்கி நகரில். அவர்கள் கொடுக்கும் 'சர்டிஃபைடு ரிலையபிலிட்டி இன்ஜினியர்' பட்டம்தான் சிஆர்இ. அதற்கு அவர்கள் கேட்பது எட்டு வருஷ வேலை அனுபவம். படிப்பு இருந்தால் அந்த எட்டில் தள்ளுபடி உண்டு: தொழிற்பள்ளி டிப்ளமோவுக்கு ஒரு வருஷம், இளநிலைப் பட்டத்துக்கு நாலு, முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஐந்து. உங்களுக்கு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, தள்ளுபடியே தேவைப்படாது.

சிக்கல் அங்கே இல்லை. அந்த எட்டு வருஷத்தில் குறைந்தது மூன்று வருஷம் முடிவெடுக்கும் நிலையில் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இதைப் படித்ததும் 'நான் மேனேஜர் இல்லையே' என்று நம் ஆட்கள் விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். மேனேஜராக இருக்க வேண்டியதில்லை, உங்களுக்குக் கீழே நாலு பேர் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை. ஒரு வேலையை இப்படிச் செய்யலாம் என்று வகுத்து, செய்து முடித்து, அதன் பலனுக்கு நீங்கள் பொறுப்பேற்றிருந்தால் போதும். ரிங் ஃபிரேமுக்கு எந்த கிரீஸ், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றியது நீங்களா? மாற்றிய பிறகு நிறுத்தம் குறைந்ததா? அதுதான் முடிவெடுத்தல். கூடவே, அந்த அனுபவம் அவர்கள் பாடத்திட்டத்தில் இருக்கிற விஷயங்களைத் தொட்டிருக்க வேண்டும். உடைந்ததைக் கழற்றி மாட்டியது மட்டும் என்றால் கொஞ்சம் இடிக்கும்.

இனிமேல் சொல்வது என் சொந்த வயிற்றெரிச்சல். முதன்முதலில் இந்த விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ். ஒரு மில், அப்புறம் கடல் தாண்டி ஒரு ஆலை. எத்தனை ராத்திரி தூங்காமல் மெஷினை ஓட வைத்திருக்கிறேன்! ஆனால் அனுபவத்தை எழுது என்றதும் இரண்டு வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. எந்த மெஷின், எத்தனை மணி ஓடி உடைந்தது, ஏன் உடைந்தது, நான் என்ன மாற்றினேன், அதற்கப்புறம் எவ்வளவு நாள் ஓடியது, எதற்கும் கையில் எழுத்து இல்லை. நாங்கள் வைத்திருந்த லாக் புக்கில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்தான்: 'பேரிங் மாற்றப்பட்டது. ஓகே.'

நம் ஊர் பெயர் வாங்கியது கணக்கு எழுதித்தான். ரங்கூனில் கொடுத்த கடனுக்கு இங்கே கானாடுகாத்தானில் பேரேடு இருந்தது, வருஷம் முடிந்தால் ஐந்தொகை போட்டார்கள், காலணா விட்டுப்போனாலும் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்துவிட்டு, பல ஆயிரம் ரூபாய் பேரிங்குக்கு 'ஓகே' என்று ஒற்றைச் சொல்லில் செலவு எழுதினோம்!

இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். மெஷின் எண், தேதி, மணி மீட்டரில் இருந்த அளவு, உடைந்த பாகம் என்று வரிசையாக வரட்டும். முக்கியமாக, அது எந்த விதத்தில் கெட்டது என்று எழுதுங்கள். பேரிங் என்றால், நீலம் பாரித்திருந்ததா, குண்டு உருளும் ஓடுபாதையில் செதில் பெயர்ந்திருந்ததா, குண்டுகளைப் பிடித்திருக்கிற கேஜ் உடைந்திருந்ததா என்கிற அளவுக்கு. ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன முடிவு, யார் எடுத்தது, அடுத்த மூன்று மாதத்தில் என்ன ஆனது என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஒரு வருஷம் இப்படி எழுதினால் விண்ணப்பம் தானாக நிரம்பும். பாதிப் பாடமும் அதற்குள்ளேயே முடிந்திருக்கும்.

ஸ்பின்னிங் மில்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்தத் துறையில் எதைத் தொட்டாலும் வைபுல் என்ற பெயர் வரும். ஸ்வீடன்காரர். எந்தப் பொருள் எப்போது உடையும் என்பதற்கு அவர் பெயரில் ஒரு பரவல், அதாவது ஒரு நிகழ்தகவுக் கணக்கு, இருக்கிறது. அதை எல்லோருக்கும் தெரியவைத்த 1951-ஆம் வருஷக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாக வைத்தவற்றில் ஒன்று இந்தியப் பருத்தி இழையின் வலிமை. நம் பஞ்சை வைத்து அவர் அப்போதே கணக்குப் போட்டுவிட்டார், நாம் இன்னும் 'ஓகே' எழுதிக்கொண்டிருக்கிறோம்.

காரைக்குடி மாணவர்: இன்ஜினியரிங் கடைசி வருஷம். முடித்த கையோடு சிஆர்இ எழுதலாமா?

முடியாது. பி.இ.க்கு நாலு வருஷம் தள்ளுபடி போனால் மீதி நாலு வருஷ அனுபவம் வேண்டும், அதில் மூன்று முடிவெடுக்கிற இடத்தில். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் ஐஐடி கரக்பூர் பேராசிரியர்களின் ரிலையபிலிட்டிப் பாடங்கள் இருக்கின்றன, பார்ப்பதற்குக் காசில்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். புள்ளியியலை இப்போதே ஒழுங்காகப் படித்துவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு அதற்கு நேரம் கிடைத்தவரை நான் பார்த்ததில்லை.

அனுபவ நிபந்தனை இல்லாத தேர்வுதான் வேண்டும் என்றால் பராமரிப்பு, ரிலையபிலிட்டி வல்லுநர்களுக்கான எஸ்எம்ஆர்பி என்ற அமைப்பின் சிஎம்ஆர்பி சான்றிதழ் இருக்கிறது. 110 கேள்வி, இரண்டரை மணி நேரம். ஆனால் அதில் கணிதம் குறைவு, ஆலையில் வேலையைத் திட்டமிடுவது, ஆட்களை நடத்துவது, பராமரிப்புச் செலவை முதலாளிக்குப் புரிகிற மாதிரி சொல்வது இவையெல்லாம் அதிகம். ஆலைக்குள் கால் வைக்காதவர் மனப்பாடம் செய்து எழுதினால் தேறலாம்தான். தேறி என்ன செய்வீர்கள் என்பது வேறு கேள்வி. அதே அமைப்பு டெக்னீஷியன்களுக்கென்று சிஎம்ஆர்டி என்றும் ஒன்று வைத்திருக்கிறது, ஐடிஐ முடித்த தம்பிகள் அதைப் பார்க்கலாம்.

புதுவயல் வாசகர்: அரிசி ஆலை வைத்திருக்கிறோம். அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முன்னால் எலிவேட்டர், ஷெல்லர், பாலிஷர் எல்லாவற்றுக்கும் பேரிங் புதுசாக மாற்றிவிடுவோம். இருந்தும் தீபாவளிக்குள்ளேயே இரண்டொன்று போய்விடுகிறது. போன தடவை புதுசு மாட்டிய பிறகு உடைந்தவை 11, 19, 32, 60, 150, 310 நாட்களில் போயின. முன்னெச்சரிக்கையாக மாற்றியும் ஏன் இப்படி? ரிலையபிலிட்டி படித்தவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

மாற்றியும் உடைகிறது என்கிறீர்கள். மாற்றுவதால்தான் உடைகிறது என்பது என் சந்தேகம்.

கோபப்படாதீர்கள், கணக்கைப் பார்ப்போம். சான்றிதழ் தேர்வில் கேட்பதற்கென்றே எடுத்துக் கொடுத்தது போல அழகான ஆறு எண் அனுப்பியிருக்கிறீர்கள். வைபுல் பரவலில் பீட்டா என்று ஒரு எண் வரும். அது 1-க்கு மேலே இருந்தால் பொருள் வயதாகித் தேய்ந்து சாகிறது என்று அர்த்தம். 1-ஐ ஒட்டி இருந்தால் வயதுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். 1-க்குக் கீழே என்றால் பிறந்த வீட்டிலேயே நோய். சின்ன வயதிலேயே போவது அதிகம், அதைத் தாண்டியவை நீண்ட நாள் ஓடும். உங்கள் ஆறு நாட்களை வைத்துக் கையால் கோடு போட்டுப் பார்த்தேன், பீட்டா 0.8-க்குச் சற்று மேலே வருகிறது. ஆறு எண் ரொம்பக் குறைவு, அதை வைத்துச் சத்தியம் பண்ண மாட்டேன். போதாததற்கு, அடுத்த ஆயுத பூஜை வரை உடையாமலே ஓடியவை எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை, அது ஏன் முக்கியம் என்பது கடைசிக் கேள்வியில் வரும். இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

பீட்டா 1-க்குக் கீழே இருக்கும்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பழைய பேரிங்கைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவது என்றால், கண்டம் தாண்டிய பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கண்டத்தில் இருக்கிற கைக்குழந்தையைக் கொண்டுவந்து வைப்பது மாதிரி.

நம்ப முடியவில்லை என்றால் விமானக்காரர்களைக் கேளுங்கள். யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-ல் ஒரு அறிக்கை எழுதினார்கள். விமானப் பாகங்கள் எப்படிக் கெடுகின்றன என்பதை ஆறு வகையாகப் பிரித்தார்கள். வயதாக ஆகக் கெடுவது அதிகரிக்கிற வகைகள் மூன்றையும் கூட்டினாலும் 11 சதவீதம்தான் வந்தது. மாட்டிய புதிதில் அதிகம் கெட்டு அப்புறம் சீராகிவிடுகிற வகை மட்டும் 68 சதவீதம். அந்தப் புள்ளிவிவரம் விமானத்துக்கு. உங்கள் எலிவேட்டர் விமானம் இல்லை, தவிட்டிலும் உமித் தூசியிலும் ஓடுவது, உங்களிடம் தேய்மானம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதனால் அந்த எண்ணைத் தூக்கி இங்கே ஒட்டிவிடக் கூடாது. ஆனால் 'நேரத்துக்கு மாற்றினால் பத்திரம்' என்ற நம்பிக்கையை நன்றாக ஆட்டிப் பார்த்த அறிக்கை அது.

அப்படியானால் உங்கள் பேரிங்குகளுக்குச் சின்ன வயதில் என்ன நோய்? நேரில் பார்க்காமல் சொல்வது ஜோசியம், இருந்தாலும் அரிசி ஆலைகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பூஜைக்கு முந்தின மூன்று நாளில் மொத்த மில்லையும் கழற்றி மாட்டுவதால் அவசரம். பேரிங்கை ஷாஃப்டில் ஏற்ற ஒரு பைப்பை வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள், அடி உள்வளையத்தில் விழாமல் வெளிவளையத்தில் விழுந்தால் குண்டு வழியாகப் பாய்ந்து ஓடுபாதையில் குழி விழும். அன்றைக்கே அந்தப் பேரிங்கின் ஆயுள் முடிந்தது, உடைவது மட்டும்தான் பாக்கி. டப்பாவைத் திறந்து மூட்டை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், திரும்பி வருவதற்குள் தவிட்டுத் தூசி உள்ளே குடியேறியிருக்கும். போன வருஷ கிரீஸ் ஒரு வகை, இந்த வருஷம் வேறு வகை, இரண்டும் சேர்ந்தால் திரிந்துபோவது உண்டு. இதையெல்லாம்விடப் பெரிய வில்லன் பெல்ட். வழுக்குகிறது என்று இழுத்துக் கட்டிக்கொண்டே போவார்கள். பால் பேரிங்கில் சுமை இரட்டிப்பானால் ஆயுள் பாதியாகும் என்று நினைக்கிறோம், கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகும்.

இந்த வருஷம் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து மாலை போடுங்கள், அதில் குறை வேண்டாம். ஆனால் சத்தமும் சூடும் இல்லாமல் ஓடுகிற பேரிங்கில் கை வைக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதை மட்டும், ஒன்றுக்கு அரை நாள் கொடுத்து, சூடேற்றி மாட்டி, அலைன்மென்ட் பார்த்து, பெல்ட் இழுவையை அளந்து மாட்டுங்கள். பாதி மெஷினில் இப்படி, மீதி மெஷினில் அப்பா வழக்கப்படி. பொங்கலுக்கு எனக்கு எழுதுங்கள். அப்பாவிடம் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கோட்டையூர் வாசகர், தற்போது மஸ்கட்: சிஆர்இ தேர்வில் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாமாமே? அப்படியானால் சுலபம்தானே?

நானும் இப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை ஒரு டிராலிப் பை நிறையப் புத்தகத்தோடு போனேன். தோற்றேன்.

நான் எழுதிய காலத்தில் தாளில் 150 கேள்வி, நாலு மணி நேரம். இப்போது கணினியில் 165 கேள்வி, 4 மணி 18 நிமிடம். அதில் 15 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, அவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காகச் சேர்த்தவை, எது என்று உங்களுக்குத் தெரியாது. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 94 வினாடி. 94 வினாடியில் கேள்வியைப் படித்து, எந்தப் புத்தகம் என்று யோசித்து, பொருளடக்கம் பார்த்து, பக்கம் தேடி... முதல் நாற்பது கேள்வியிலேயே எனக்கு ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. தேற 750-க்கு 550 வேண்டும். இரண்டாம் தடவை ஒரே ஒரு கைப்புத்தகமும், நானே எழுதி பைண்டு செய்த ஒரு நோட்டும்தான் கொண்டுபோனேன். உதிரித் தாள் கூடாது, எல்லாம் பைண்டு செய்திருக்க வேண்டும், மாதிரி வினா விடைத் தொகுப்பு எதையும் உள்ளே விட மாட்டார்கள். அட்டவணைகள் இருக்கும் பக்கங்களில் மட்டும் கலர் காகிதம் ஒட்டி வைத்தேன். தேறினேன்.

சூத்திரத்தைப் புத்தகம் கொடுக்கும், அர்த்தத்தைக் கொடுக்காது. உதாரணத்துக்கு ஒன்று, வளைகுடாவில் பம்ப்புகளோடு பழகும் உங்களுக்கே தெரிந்த எம்டிபிஎஃப், அதாவது இரண்டு பழுதுக்கு நடுவே சராசரியாக ஓடும் நேரம். ஒரு பம்ப்புக்கு அது 10,000 மணி என்றால், பத்தாயிரம் மணி நிற்காமல் ஓடும் வாய்ப்பு எவ்வளவு? பாதிக்குப் பாதி என்று கை தானாக எழுதும். பழுது விகிதம் மாறாமல் இருந்தால் அது 36.8 சதவீதம்தான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பம்ப் அதற்கு முன்பே படுத்துவிடும். தேர்வில் இதை வேறு வேறு வேஷம் போட்டுக் கேட்பார்கள். இதைப் புரிந்துகொண்டவருக்கு அந்தக் கேள்விக்குப் புத்தகமே வேண்டாம்.

தேறிய பிறகும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை, பயிற்சி என்று கிடைக்கிற புள்ளிகளில் 18 சேர்த்துக் காட்டலாம், இல்லாவிட்டால் திரும்பவும் தேர்வெழுதலாம். புள்ளிகளுக்கான தாள்களை அப்போதைக்கப்போது எடுத்து வைக்காமல் கடைசி மாதம் அல்லாடியவர்களில் நானும் ஒருவன்.

கானாடுகாத்தான் வாசகி, பெங்களூரு: என் பதவியின் பெயர் சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர். நீங்கள் சொல்லும் சான்றிதழ் எனக்கும் பயன்படுமா?

பெயர்தான் ஒன்று தங்கச்சி, தொழில் வேறு. உங்கள் பதவி கூகுளில் 2003-ல் பென் டிரேனர் ஸ்லாஸ் என்பவர் தொடங்கிய குழுவிலிருந்து வந்தது. உங்களுக்கு மெஷின் என்றால் சர்வர், எங்களுக்கு மெஷின் என்றால் எண்ணெய் ஒழுகுவது. மென்பொருள் தேய்வதில்லை, நேற்று வரை ஓடிய புரோகிராம் வயதாகிக் கெட்டுப்போகாது. யாரோ எதையோ மாற்றியதால்தான் பெரும்பாலும் விழுகிறது. அந்த வகையில் மேலே புதுவயல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள், உங்களுக்கும் அதே கதைதான்.

கணிதத்தில் மட்டும் உறவு உண்டு. வருஷத்தில் 99.9 சதவீதம் ஓடும் என்றால் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம். 99.99 என்றால் 52 நிமிடம் சொச்சம். ஒன்றை ஒன்று நம்பி நிற்கிற ஐந்து சேவைகள், ஒவ்வொன்றும் 99.9 என்றால் மொத்தம் 99.5-க்கு இறங்கிவிடும், வருஷத்துக்கு ஏறக்குறைய 44 மணி நேரம். சங்கிலித் தொடராக இணைத்த அமைப்புக்கு சிஆர்இ பாடத்தில் போடுகிற அதே பெருக்கல்தான். அதைத் தெரிந்துகொள்ளப் பாடத்தைப் படியுங்கள், தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு அவசியம் தெரியவில்லை.

புதுக்கோட்டை ரோட்டிலிருந்து ஒரு வாசகர்: இரண்டு நாள் வகுப்பு, வகுப்பு முடிந்த அன்றே சான்றிதழ், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. சேரலாமா?

இரண்டு நாள் வகுப்பு தப்பில்லை. நல்ல ஆசிரியராக இருந்தால் இரண்டு நாளில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அங்கே கொடுப்பது வகுப்புக்கு வந்தார் என்பதற்கான சான்று, தொழிலில் தேர்ந்தவர் என்பதற்கான சான்று இல்லை. பாடம் நடத்தியவரே கேள்வித்தாளும் போட்டு, அவரே திருத்தி, அவரே சாயங்காலம் சால்வையும் போர்த்தினால் அதில் தோற்றவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு எப்படி இயங்க வேண்டும் என்பதற்கே ஐஎஸ்ஓ 17024 என்று ஒரு தரநிலை இருக்கிறது. சிஎம்ஆர்பி அதன்படி அங்கீகாரம் பெற்றது. விளம்பரக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லி, எந்த அங்கீகார அமைப்பு என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு மெசேஜ் வராது.

மில் வேலையில் உடனடியாகக் காசாகிற சான்று வேண்டும் என்றால் அதிர்வுப் பகுப்பாய்வைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 18436 தரநிலையின் இரண்டாம் பகுதிப்படி நாலு நிலை. முதல் நிலைக்கு ஆறு மாத அனுபவம் போதும், இரண்டாவதுக்குப் பதினெட்டு மாதம். கருவியைக் கையில் பிடித்துக் கற்கிற படிப்பு, நம் பையன்களுக்குப் பொருந்தும்.

காரைக்குடி தாயார்: மகள் இங்கே சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் பி.டெக். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் படிக்கிறாள். ரிலையபிலிட்டி என்றால் மெக்கானிக்கல் பையன்களுக்குத்தான் என்கிறாளே?

அவளை நாளைக்கு வகுப்புக்குப் போகிறபோது அந்தக் கட்டடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த இடம் அது. அங்கே ஆராய்கிற துருவும் பேட்டரியும் ரிலையபிலிட்டி இல்லாமல் வேறென்ன? ரிஃபைனரியில் குழாய் ஓட்டையாவது பெரும்பாலும் மெக்கானிக்கல் தப்பால் இல்லை, அரிப்பால். அதற்கென்றே தனிச் சான்றிதழ்கள் உண்டு. அவற்றைக் கொடுக்கும் அமைப்பை முன்பு நேஸ் என்று சொல்வோம், 2021-ல் அது இன்னொரு அமைப்போடு சேர்ந்து ஆம்ப் என்று பெயர் மாறிவிட்டது.

பேட்டரி இன்னும் சுவாரசியம். அது பேரிங் மாதிரி ஒருநாள் பட்டென்று உடைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இறங்கும். மின்சார வண்டிக்கு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த இறக்கத்தை அளந்து, வெப்பநிலையைக் கூட்டிச் சோதித்து, பத்து வருஷம் கழித்து என்ன ஆகும் என்று இன்றைக்கே சொல்ல வேதியியல் தெரிந்த ஆள்தான் வேண்டும். மெக்கானிக்கல் பையன் அவளிடம் வந்து கேட்பான்.

பள்ளத்தூர் ஆச்சி: நீங்கள் மெஷினைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் ஐயா காலத்தில் கட்டிய வீடு நூறு வருஷமாக அப்படியே நிற்கிறது. போன வருஷம் வாங்கிய தண்ணீர் மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பொருளின் உறுதி இந்தக் காலத்தில் ஏன் இல்லை?

ஆச்சி, இந்த மொத்தக் கடிதக்கட்டிலும் எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையதுதான். பர்மா தேக்கு, முட்டை வெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சு, இரண்டு முழச் சுவர், எல்லாம் உண்மை. தாங்க வேண்டிய சுமையைவிடப் பல மடங்கு தாங்குகிற மாதிரி கட்டினார்கள். எங்கள் பாஷையில் அதற்கு சேஃப்டி ஃபாக்டர் என்று பெயர். ஆனால் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிற பழம்பொருள் கடைகளுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே சாத்தி வைத்திருக்கிற தூணும் நிலையும் கதவும் யாருடைய வீடு? அவையும் அந்தக் காலத்து வீடுகள்தான். பங்காளிகள் பிரிந்து, ஓடு மாற்ற ஆளில்லாமல், மழைத் தண்ணீர் இறங்கி, விழுந்தவையும் பிரித்து விற்றவையும். நின்ற வீடு கண்ணில் படுகிறது, விழுந்த வீட்டின் இடத்தில் கருவேலம்தான் நிற்கிறது, அதை யாரும் வீடு என்று எண்ணுவதில்லை. நிற்பதை மட்டும் எண்ணினால் அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே உறுதியாகத்தான் தெரியும்.

புதுவயல்காரருக்கு நான் பாக்கி வைத்ததும் இதுதான், தலைகீழாக. அவர் உடைந்ததை மட்டும் எண்ணி எழுதியிருக்கிறார், உடையாமல் ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டார். தேர்வில் இதற்கு சென்சார்டு டேட்டா, அதாவது ஆயுள் முழுதாகத் தெரியாத தரவு, என்று பெயர், இதைச் சரியாகக் கையாளத் தெரியாமல்தான் பலர் மதிப்பெண் விடுகிறார்கள். இன்னும் உடையாத பேரிங்கும் 'இத்தனை நாள் வரை ஓடியிருக்கிறேன்' என்று சாட்சி சொல்கிறது, அந்தச் சாட்சியையும் கணக்கில் ஏற்ற வேண்டும்.

சரி, உங்கள் மோட்டாருக்கு வருவோம். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை என்றால் எரிந்ததற்குக் காரணத்தைப் பார்க்காமல் காயில் மட்டும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடையில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிக கரண்ட் இழுத்துச் சூடாகும். சூடு பத்து டிகிரி கூடினால் காயிலின் இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு. போர்வெல்லில் தண்ணீர் கீழே போய் மோட்டார் வெறுமனே ஓடியிருந்தாலும் போய்விடும். காயில் கட்டுகிறவரிடம், கருகியது ஸ்டார்டிங் காயில் மட்டுமா, ரன்னிங் காயிலும் சேர்ந்தா என்று கேளுங்கள். ஸ்டார்டிங் மட்டும் என்றால் கெப்பாசிட்டரையோ உள்ளே இருக்கிற சுவிட்சையோ சந்தேகப்படலாம். இரண்டும் என்றால் வோல்டேஜையும் சுமையையும் பார்க்க வேண்டும். இரண்டு தடவை எரிந்த தேதி, அன்றைக்குப் போரில் தண்ணீர் மட்டம், எத்தனை மணி ஓடியது, இவை ஞாபகம் இருக்கிற அளவுக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டில் பெட்டகத்துக்குள் ஐயாவின் பேரேடு இருந்தால் கடைசியில் நாலு பக்கம் காலியாக இருக்கும், அதிலேயே எழுதினாலும் சரி. அடுத்த இதழில் உங்கள் மோட்டார்தான் முதல் கேள்வி.